‘மில்’ என்னும் ஆங்கிலச் சொல்: வேர் வரலாறும் பொருள் விரிவும்

ஆய்வுச் சுருக்கம்

தானியம் அரைக்கும் கருவியின் பெயராகத் தோன்றிய ‘மில்’ என்னும் ஆங்கிலச் சொல், இன்று நூற்பாலை, காகித ஆலை, எஃகு உருட்டாலை, உலோகம் செதுக்கும் பொறி முதலிய பலவற்றைக் குறிக்கின்றது. இவற்றுட் பெரும்பாலானவற்றில் அரைத்தல் என்னும் தொழிலே இல்லை. இம்மாற்றம் நிகழ்ந்த முறையையும் இச்சொல்லின் வேரையும் இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழில் ‘ஆலை’, ‘எந்திரம்’ ஆகிய சொற்கள் அடைந்த பொருள் மாற்றங்கள் இதனோடு ஒப்பிடப்படுகின்றன. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு இச்சொல்லைத் தமிழ் ‘மெல்’ என்னும் வினையோடு இணைப்பது ஏன் பொருந்தாது என்பதும், மொழிபெயர்ப்பில் இச்சொல்லைக் கையாளும்போது கருத வேண்டுவன யாவை என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மில், திரிகை, ஆலை, எந்திரம், சொற்பிறப்பியல், பொருள் மாற்றம், கடன்சொல், ஆகுபெயர்.

1. முன்னுரை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒருவர் ‘மில்லுக்குப் போகிறார்’ என்றால் அவர் பஞ்சாலைத் தொழிலாளி என்று பொருள்படும். அதே ஊரில் ஓர் அன்னை மகனிடம் ‘மில்லுக்குப் போய் வா’ என்று கூறி மிளகாய்ப் பையைக் கையில் கொடுத்தால், அது மாவரைக்கும் கடையைக் குறிக்கும். இருவர் பேச்சிலும் சொல் ஒன்றே, இடங்கள் வேறு, அங்கு நடைபெறும் தொழில்களும் வேறு. ஒரிடத்தில் கல்லோ இரும்போ சுழன்று பொருளைப் பொடியாக்குகின்றது. மற்றோரிடத்தில் பஞ்சு நூலாகின்றது. பொடியாக்குதலும் நூலாக்குதலும் ஒரு பெயருக்குள் அடங்கியது எவ்வாறு?

இவ்வினாவிற்கான விடை தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் உள்ளது. தமிழர் இச்சொல்லைப் பெற்றபோதே அது இரு பொருளையும் உடையதாய் இருந்தது. சொற்கள் யாவும் பொருள் குறித்தனவே என்றும், அப்பொருளுக்குரிய காரணம் பார்த்த அளவில் விளங்காது என்றும் தொல்காப்பியம் கொண்ட கருத்து வேற்றுமொழிச் சொற்களுக்கும் பொருந்தும். காரணம் விளங்கவேண்டுமாயின் சொல்லின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காணுதல் வேண்டும்.

2. இச்சொல்லின் இன்றைய பொருள்கள்

இன்றைய ஆங்கிலத்தில் ‘மில்’ என்னும் பெயர்ச்சொல்லின் பொருள்களை நான்கு தொகுதிகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, பொருளை அரைத்துப் பொடியாக்கும் கருவி. காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கைக்கருவியும் மிளகு பொடிக்கும் கருவியும் இதில் அடங்கும். இரண்டாவது, அத்தகைய கருவி நிறுவப்பட்ட கட்டடம். மாவு மில், அரிசி மில் என்பன இவ்வகையின. மூன்றாவது, மூலப்பொருளைப் பெருமளவில் பக்குவப்படுத்தும் தொழிலகம். நூற்பாலை, காகித ஆலை, மரம் அறுக்கும் ஆலை, எஃகு உருட்டாலை ஆகியன இவ்வகையின. நான்காவது, சுழலும் வெட்டுப்பற்களால் உலோகத்தைச் செதுக்கும் பொறி. தமிழகப் பட்டறைகளில் ‘மில்லிங்’ என்று வழங்குவது இதுவே.

வினைச்சொல்லாகவும் இது வழங்குகின்றது. அரைத்தல், உலோகம் செதுக்குதல் என்பனவற்றோடு, கூட்டம் ஒரே இடத்தில் நோக்கமின்றிச் சுற்றிச்சுற்றி வருதலும் இவ்வினையால் குறிக்கப்படும். இக்கடைசிப் பொருளில் அரைத்தலும் இல்லை, கருவியும் இல்லை. சுழற்சி மட்டுமே எஞ்சியுள்ளது.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். அமெரிக்க நாணயக் கணக்கில் டாலரின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் ‘மில்’ என்பர். அது ஆயிரம் என்னும் பொருளுடைய ‘மில்லே’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது; அரைகருவிச் சொல்லோடு தொடர்பற்றது. ஒரு சொல் பல பொருள் பெறுவதும், பிறப்பால் வேறான இரு சொற்கள் ஒலியால் ஒன்றுபடுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். அகராதியில் இவை தனித்தனித் தலைச்சொற்களாக அமைதல் வேண்டும்.

3. வேர்: இலத்தீனும் அதற்கு முன்னும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் ‘மிலென்’ என்பதாகும். ‘மில்ன்’ என்றும் வழங்கியது. இறுதியில் இருந்த னகர ஒலி இடைக்காலத்தில் தேய்ந்து மறைந்தது. எனினும் அது முற்றும் அழியவில்லை. மில்ன், மில்னர் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் இன்றும் நிலைத்துள்ளது. பேச்சில் மறைந்த ஒலி பெயர்களில் தங்கிவிடுவது பல மொழிகளிலும் காணப்படும் இயல்பு.

‘மிலென்’ என்பது பிற்கால இலத்தீனின் ‘மோலீனா’ என்ற சொல்லைக் கடன்பெற்றதனால் அமைந்தது. ‘மோலீனா’ என்பது ‘மோலா’ என்பதன் அடியாகப் பிறந்தது. ‘மோலா’ திரிகைக்கல்லையும் திரிகையையும் குறித்தது. அதனோடு உறவுடைய வினை ‘மோலெரே’, அதாவது அரைத்தல். பிரெஞ்சு ‘முலேன்’, இத்தாலிய ‘முலினோ’, இசுப்பானிய ‘மொலினோ’ ஆகியன இவ்விலத்தீன் சொல்லின் நேர்வழி மரபினர். டச்சு ‘மோலன்’, செருமானிய ‘ம்யூலெ’, பழைய நார்சு ‘மில்னா’ ஆகியன ஆங்கிலத்தைப் போன்றே கடன்பெற்றவை.

இலத்தீன் வினைக்கு முந்தைய நிலையும் அறியப்பட்டுள்ளது. லித்துவேனிய ‘மால்தி’, உருசிய ‘மலோத்’, கோத்திய ‘மலன்’, செருமானிய ‘மாலென்’ ஆகிய வினைகள் யாவும் அரைத்தலைக் குறிப்பன. கிரேக்கத்தில் திரிகை ‘மூலே’ எனப்பட்டது. அனத்தோலியாவின் இத்தைத்து மொழியிலும் இவ்வேரில் அமைந்த அரைத்தல் வினை உண்டு. இவை அனைத்தையும் ஒப்பிட்டு, அரைத்தற்பொருள் கொண்ட ஒரு வேர் முந்து இந்தோ-ஐரோப்பிய மொழியில் இருந்ததாக மொழியியலார் மீட்டுருவாக்கியுள்ளனர்.

ஆங்கிலம் செருமானியக் குடும்பத்து மொழியாதலின் இவ்வேர் அதற்கும் மரபுரிமையாக வந்து சேர்ந்தது. மாவைக் குறிக்கும் ‘மீல்’ என்ற ஆங்கிலச் சொல் அவ்வாறு வந்ததே. (உணவுவேளையைக் குறிக்கும் மற்றொரு ‘மீல்’, அளவு, காலம் என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல்லின் வழியது.) ஆகவே, ஆங்கிலத்தில் ‘மீல்’ என்பதும் ‘மில்’ என்பதும் ஒரே வேரினின்று இருவேறு வழியாக வந்து சேர்ந்த சொற்களாகும். முன்னது தாய்வழிச் சொத்து. பின்னது உரோமரிடம் பெற்ற கடன். அரைக்கப்பட்ட பொருளின் பெயர் சொந்தமாக இருக்க, அரைக்கும் இடத்தின் பெயர் கடனாக வந்துள்ளது.

4. கடன் வாங்கிய காரணம்

திரிகைக்குச் சொந்தப் பெயரே இல்லாமையால் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பெற்றனர் எனல் பொருந்தாது. அவர்களிடம் ‘குவெர்ன்’ என்ற பழஞ்சொல் இருந்தது. அது கையால் சுழற்றும் திரிகையைக் குறித்தது. லித்துவேனிய ‘கிர்னோஸ்’, பழைய ஐரிய ‘ப்ரோ’ ஆகியன இதன் உறவுச் சொற்கள். வேதச் சடங்குகளில் சோமம் நசுக்கும் கல்லைக் குறிக்கும் ‘கிராவன்’ என்ற வடசொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததாகும்.

4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தைக் கோத்திய மொழியில் பெயர்த்தார். மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்து 42ஆம் வசனத்தில் ஒருவனது கழுத்தில் கட்டப்படும் பெருங்கல் பேசப்படுகின்றது. கிரேக்க மூலம் அதனைக் கழுதையால் சுழற்றப்படும் திரிகையின் கல் என்று குறிக்கின்றது. வுல்ஃபிலா ‘அசிலுக்வெர்னுஸ்’, அதாவது ‘கழுதைத் திரிகை’ என்று பெயர்த்தார். விலங்கு இழுக்கும் பெருந்திரிகைக்கும் பழைய ‘குவெர்ன்’ என்னும் சொல்லே அடைமொழி பெற்றுப் பயன்பட்டது இதனால் தெரிகின்றது. 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் ரொட்டிக் கூடங்களில் உடுக்கை வடிவ மேற்கல்லோடு கூடிய இவ்வகைத் திரிகைகளை இன்றும் காணலாம்.

கையும் விலங்கும் சுழற்றியவரை பழைய பெயர் போதுமானதாய் இருந்தது. நீரோட்டத்தால் சுழலும் திரிகை புதுமையானது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் விட்ருவியுஸ் தமது கட்டடக்கலை நூலின் 10ஆம் பகுதியில் நீர்ச்சக்கரத் திரிகையின் அமைப்பை விளக்கியுள்ளார். நிமிர்ந்து சுழலும் சக்கரத்தின் இயக்கத்தைப் பற்சக்கரங்கள் கிடைமட்டமாகச் சுழலும் கல்லுக்கு மாற்றித் தரும். தென்பிரான்சில் ஆர்ல் நகருக்கு அருகேயுள்ள பார்பெகால் என்னுமிடத்தில் 16 நீர்ச்சக்கரங்கள் கொண்ட உரோமர் காலத் திரிகைத் தொகுதியின் எச்சங்கள் உள்ளன. இப்பொறியோடு இதன் பெயரும் வடக்கே பரவியது. திராட்சை மது, கல் பாவிய தெரு, மதில் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே உரோமரிடமிருந்து பொருளோடு வந்தவை. தமிழில் ‘பஸ்’, ‘மோட்டார்’ ஆகியன பொருளும் பெயருமாகச் சேர்ந்து வந்தமை இதனோடு ஒத்ததாகும்.

இதன்பின் ஆங்கிலத்தில் இரு சொற்களும் தொழிலைப் பகிர்ந்துகொண்டன. வீட்டில் கையால் சுழற்றுவது ‘குவெர்ன்’. ஊருக்குப் பொதுவாய் நீரால் இயங்குவது ‘மில்’. இப்பாகுபாடு விரைவில் சமூகப் பாகுபாடாகவும் ஆயிற்று. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நில அளவை நூல் இங்கிலாந்தில் சுமார் 6,000 மில்களைக் கணக்கிடுகின்றது. இவை பெரும்பாலும் நிலவுடைமையாளர்க்கும் திருமடங்களுக்கும் உரியவை. குடியானவர் தம் தானியத்தை உடையவரின் மில்லிலேயே அரைக்க வேண்டும் என்றும், அரைத்த மாவில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்க வேண்டும் என்றும் பல இடங்களில் கட்டாயம் இருந்தது. வீட்டில் திரிகை வைத்திருத்தல் உடையவரின் வருவாயைக் குறைக்கும் செயலாகக் கருதப்பட்டது.

செயின்ட் ஆல்பன்ஸ் நகர நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. 1330களின் தொடக்கத்தில் அந்நகரத் திருமடத்தின் தலைவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, நகர மக்களின் கைத்திரிகைகளைப் பறிமுதல் செய்து அக்கற்களை மடத்தின் கூடத்தில் தளமாகப் பாவச் செய்தார். அரை நூற்றாண்டு கழித்து 1381இல் குடியானவர் கிளர்ச்சி மூண்டபோது மக்கள் அத்தளத்தைப் பெயர்த்தனர். கற்களை உடைத்துத் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். ‘குவெர்ன்’ என்ற சொல் வழக்குக் குன்றி, ‘மில்’ என்ற சொல் பெருகியதன் பின்னணியில் பொறியின் சிறப்பு மட்டுமன்றி இத்தகைய அதிகாரமும் இருந்தது. இன்று ‘குவெர்ன்’ பெரும்பாலும் தொல்லியலார் எழுத்துகளிலேயே காணப்படுகின்றது.

5. அரைத்தல் நீங்கிய வரலாறு

‘மோலா’ முதலில் கல்லைக் குறித்தது. பின்னர்க் கல் அமைந்த கருவியையும், அதன்பின் கருவி அமைந்த கட்டடத்தையும் அச்சொல்லும் அதன் வழிவந்தவையும் குறித்தன. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்னும். கல்லின் பெயர் கருவிக்கும், கருவியின் பெயர் இடத்திற்கும் ஆகிவந்தன.

அடுத்த படி முதன்மையானது. நீர்ச்சக்கரம் கல்லைச் சுழற்றுவதோடு நில்லாமல், சம்மட்டியை எழுப்பி விழச் செய்யவும் வல்லது என்பதை இடைக்கால ஐரோப்பியர் பயன்கொண்டனர். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளித் துணியை நீரில் அடித்துச் செறிவாக்கும் நீர்ச்சக்கரக் கூடங்கள் இங்கிலாந்தில் இருந்தன. அங்கு எதுவும் அரைக்கப்படவில்லை. எனினும் அவையும் ‘மில்’ என்றே வழங்கின. மரம் அறுப்பதும், காகிதத்திற்குக் கந்தலைக் கூழாக்குவதும் பின்னர் இவ்வாறே பெயர் பெற்றன. அரைத்தல் என்னும் தொழில் பொருட்கூறுகளிலிருந்து நீங்க, நீர்விசையால் இயங்கும் பொறி என்பதே மையப் பொருளாயிற்று.

1721இல் டார்பி நகரில் பட்டு முறுக்கும் ஆலையும், 1771இல் கிராம்ஃபோர்டில் ஆர்க்ரைட்டின் பருத்தி நூற்பாலையும் நீர்ச்சக்கரத்தை நம்பியே தொடங்கப்பட்டன. ஆகவே அவை ‘மில்’ எனப் பெயர் பெற்றது இயல்பே. 1785இல் நாட்டிங்காம்சயர் வட்டாரத்துப் பேப்பில்விக்கில் நூற்பாலைக்கு நீராவிப் பொறி பயன்படத் தொடங்கிய பிறகு நீரோட்டமும் நீங்கியது; பெயர் நீங்கவில்லை. அரைத்தல் போய், நீர்ச்சக்கரமும் போய், பெருந்தொழிலகம் என்பது மட்டும் எஞ்சியது. முதலில் காரணப் பெயராய் இருந்து, காரணம் மறைந்தபின் இடுகுறி போல வழங்கும் நிலையை இச்சொல் அடைந்தது.

எல்லாத் தொழிலகங்களும் ஆங்கிலத்தில் ‘மில்’ எனப்படாமைக்கும் இவ்வரலாறே விளக்கம் தருகின்றது. நூல், துணி, காகிதம், மரம், உலோகத் தகடு ஆகிய நீர்ச்சக்கரக் காலத்துத் தொழில்களே இப்பெயரைப் பெற்றன. பின்னர்த் தோன்றிய மோட்டார் வாகனத் தொழிலகமும் மின்கருவித் தொழிலகமும் இப்பெயரைப் பெறவில்லை.

இப்பொருள் விரிவின் எல்லையை இரு எடுத்துக்காட்டுகள் உணர்த்தும். 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக்கைதிகள் படிபடியாய் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தை அமைத்தார். ‘டிரெட்மில்’ எனப்பட்ட அதனைக் கொண்டு சில சிறைகளில் தானியம் அரைக்கப்பட்டது. தண்டனைக் கருவியாய் இருந்த அப்பெயரை இன்று உடற்பயிற்சிக் கூடத்தின் ஓடுபொறி தாங்கியுள்ளது. 1834 முதல் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்புப் பொறியில் எண்களைச் சேமிக்கும் பகுதிக்கு ‘ஸ்டோர்’ என்றும், கணக்கிடும் பகுதிக்கு ‘மில்’ என்றும் பெயரிட்டார். எண்கள் மூலப்பொருளாகவும், கணக்கீடு ஆலைத் தொழிலாகவும் அங்குக் கருதப்பட்டன.

6. வேரின் பிற கிளைகள்

‘மோலா’ ஆங்கிலத்திற்கு வேறு வழிகளிலும் வந்துள்ளது. கடைவாய்ப் பல்லைக் குறிக்கும் ‘மோலார்’ என்ற சொல் திரிகைப் பல் என்னும் பொருளது. ஊதியத்தைக் குறிக்கும் ‘எமாலுமென்ட்’ என்பது, அரைத்துப் பெறும் பயன் அல்லது அரைவைக்குரிய கூலி என்னும் பொருளில் பிறந்ததாகக் கருதப்படுகின்றது.

‘இம்மொலேஷன்’ என்ற சொல்லின் வரலாறு இவற்றினும் கருதத்தக்கது. உரோமர் பலியிடும் விலங்கின்மீது உப்புக் கலந்த மாவைத் தூவுவது வழக்கம். அம்மாவும் ‘மோலா’ எனப்பட்டது. மாவு தூவும் செயலின் பெயர் பலியிடுதலைக் குறித்துப் பின்னர்த் தன்னைத்தானே எரித்துக்கொள்ளுதலைக் குறிக்கலாயிற்று. தீக்குளிப்பு என்ற தமிழ்ச் சொல்லில் தீ வெளிப்படையாக உள்ளது. அதற்கு இணையான ஆங்கிலச் சொல்லின் வேரில் தீயே இல்லை, மாவே உள்ளது. வேர்ப்பொருளைக் கொண்டு இன்றைய பொருளை முடிவு செய்தலின் இடர்ப்பாட்டிற்கு இது தெளிவான சான்று.

7. தமிழில் அரைகருவிச் சொற்கள்

தமிழ் மரபு அரைகருவிகளைச் செயல் நோக்கிப் பகுத்துள்ளது. அம்மியில் அரைப்பர், ஆட்டுக்கல்லில் ஆட்டுவர், உரலில் இடிப்பர் அல்லது குத்துவர், திரிகையில் திரிப்பர், செக்கில் ஆட்டுவர். கருவிக்கேற்ப வினையும் மாறும். ‘திரிகை’ என்ற பெயரே சுழலுதற்பொருளுடைய ‘திரி’ என்னும் வினையடியாய்ப் பிறந்தது. இவை பெரும்பாலும் வீட்டுக்குள் பெண்டிர் உழைப்போடு பிணைந்தவை. இவற்றுள் எதுவும் தொழிலகப் பெயராக விரியவில்லை.

தொழிலகப் பெயராக விரிந்தது ‘ஆலை’ என்னும் சொல்லே. பட்டினப்பாலையில் கரும்பாலையின் வெப்பத்தால் அருகிலிருந்த நெய்தற்பூ வாடியமை பேசப்படுகின்றது. ஆகவே பிழியும் கருவியோடு சாறு காய்ச்சும் இடத்தையும் ‘ஆலை’ அக்காலத்திலேயே உள்ளடக்கியிருந்தது. கன்னடத்தில் வெல்லம் காய்ச்சும் இடம் ‘ஆலெமனெ’ எனப்படுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தில் இயந்திர நூற்பாலைகள் தோன்றியபோது அவற்றைக் குறிக்க மக்கள் ‘மில்’ என்ற கடன்சொல்லைப் பயன்படுத்தினர். எழுத்து வழக்கில் ‘ஆலை’ விரிவடைந்து பஞ்சாலை, நூற்பாலை என்றாயிற்று. கரும்பு பிழிவதிலிருந்து பஞ்சு நூற்பதற்கு ‘ஆலை’ சென்ற வழியும், தானியம் அரைப்பதிலிருந்து பஞ்சு நூற்பதற்கு ‘மில்’ சென்ற வழியும் இணையானவை. ஆயின் ஆங்கிலத்தில் இம்மாற்றத்திற்கு நீர்ச்சக்கரம் பாலமாய் அமைந்தது. தமிழிலோ மொழிபெயர்ப்புத் தேவையே பாலமாய் அமைந்தது.

‘எந்திரம்’ என்ற சொல்லோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. பொதுவாகப் பொறி என்னும் பொருளுடைய ‘யந்த்ர’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் இது. ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் கரும்பு பிழியும் கருவி ‘எந்திரம்’ எனப்படுகின்றது. சிற்றூர் வழக்கில் ‘ஏந்திரம்’ என்பது கைத்திரிகையைக் குறிக்கும். முன்னர்க் கூறிய மாற்கு நற்செய்தி வசனத்தின் தமிழ்ப் பெயர்ப்பில் அக்கல் ‘ஏந்திரக்கல்’ எனப்படுவது இவ்வழக்கினாலேயே. இன்று ‘ஏந்திரக்கல்’ என்பதை இயந்திரத்தின் கல் என்று பொருள்கொள்ளும் இளைய வாசகர் இடர்ப்படுவர். ஆங்கிலத்தில் அரைகருவியின் பெயர் பொதுப் பொறிக்குச் சென்றது. தமிழில் பொதுப் பொறியின் பெயர் அரைகருவிக்குச் சென்றது. இரு மொழிச் சமூகங்களிலும் மக்கள் அன்றாடம் கண்ட முதன்மையான பொறி அரைகருவியே என்பது இவ்விரு பயணங்களுக்கும் பொதுவான அடிப்படை எனலாம்.

கடன்சொற்கள் தமிழில் தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டமையும் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் ‘கிரைண்டர்’ என்பது அரைக்கும் கருவி எதனையும் குறிக்கும் பொதுச்சொல். தமிழில் அது, 1955இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டுப் பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்ற ஈரமாவு ஆட்டும் மின்கருவியை மட்டுமே பெரும்பாலும் சுட்டுகின்றது. உலர்ந்த பொருளை அரைக்கும் கடை ‘மில்’; சட்னி அரைப்பது ‘மிக்சி’. ஆட்டுதல், திரித்தல், அரைத்தல் என்ற பழைய பாகுபாடு புதிய பெயர்களுக்குள் புகுந்து தொடர்கின்றது.

8. ஒலியொப்புமையும் ‘மெல்’ என்னும் வினையும்

பல்லால் அரைத்தலைத் தமிழ் ‘மெல்’ என்னும். அரைத்தலைக் குறித்த இந்தோ-ஐரோப்பிய வேரும் மகர லகர ஒலிகளைக் கொண்டது. இதனால் ‘மில்’ தமிழிலிருந்து சென்ற சொல்லோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஒலியும் பொருளும் நெருங்கியிருத்தலின் இவ்வையத்தை எள்ளி ஒதுக்காமல் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது தடை, ஒப்பிடப்படும் வடிவம் பற்றியது. இன்றைய ‘மில்’ என்ற வடிவம் னகரம் தேய்ந்தபின் அமைந்தது. அதன் முந்துவடிவங்கள் ‘மிலென்’, ‘மோலீனா’ என்பன. காலத்தால் பிந்திய வடிவைப் பழந்தமிழ் வடிவோடு ஒப்பிடுதல் முறையன்று.

இரண்டாவது தடை, ஒலித்தொடர்பு பற்றியது. இரு சொற்கள் உறவின என நிறுவ ஒரு சொல்லிணை போதாது. அதே ஒலிமாற்றம் பல சொல்லிணைகளில் ஒழுங்காக அமைந்திருத்தல் வேண்டும். கடன்சொல் எனில், எக்காலத்தில், எம்மக்கள் வழியாக, எப்பொருளோடு சென்றது என்று காட்டுதல் வேண்டும். ‘மோலீனா’ வடக்கே சென்றமைக்கு நீர்ச்சக்கரம் சான்றாய் நிற்கின்றது. ‘மெல்’ மேற்கே சென்றமைக்கு அத்தகைய சான்று இல்லை.

மூன்றாவதாக, ஒப்புமை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதை இலத்தீனே உணர்த்தும். அம்மொழியில் மென்மையைக் குறிக்கும் ‘மோல்லிஸ்’ என்ற சொல் உண்டு. தமிழிலும் ‘மெல்’ என்பது மென்மையைக் குறிக்கும். ‘மோலா’, ‘மோல்லிஸ்’, ‘மெல்’ மூன்றையும் ஒரே குடும்பமாகக் காட்டுவது மிக எளிது. ஆயின் ‘மோல்லிஸ்’ என்பதன் முந்துவடிவில் தகர ஒலி இருந்தது என்பது, அதன் உறவுச் சொல்லாகிய வடமொழி ‘ம்ருது’ என்பதால் தெரிகின்றது. தமிழில் ‘மிருது’ என வழங்குவது அதுவே. ஆக ‘மோல்லிஸ்’ என்பதற்கு உறவு ‘மிருது’ என்னும் சொல்லே, ‘மெல்’ அன்று. செவிக்கு நெருங்கிய சொல் உறவாகாமல், செவிக்குத் தொலைவான சொல் உறவாகின்றது.

குறுகிய வேர்களைக் கொண்ட இரு மொழிக்குடும்பங்களில் சில வேர்கள் தற்செயலாக ஒத்தல் எதிர்பார்க்கத்தக்கதே. இவ்வகை ஒப்புமைகளைச் சான்றாக அடுக்குவது தமிழின் தொன்மைக்கு வலிவு சேர்ப்பதில்லை. மாறாக, உரிய சான்றோடு நிறுவப்பட்ட தமிழ்க் கடன்சொற்களின் மீதும் ஐயம் எழ அது இடமளிக்கின்றது.

9. மொழிபெயர்ப்பில் கருத வேண்டுவன

‘மில்’ என்பதற்கு ‘ஆலை’ என்பதை எல்லா இடத்தும் இட்டு நிரப்புதல் பொருந்தாது. இடைக்கால ஆங்கிலப் பனுவலில் இச்சொல் வரின் ‘நீர்த்திரிகை’ அல்லது ‘திரிகைக்கூடம்’ என்பதே காலத்திற்குப் பொருந்தும். ஆலை என்றால் புகைபோக்கியோடு கூடிய தொழிலகம் வாசகர் மனத்தில் எழும்.

அவ்வாறே, ‘ஃபாக்டரி’ என்ற சொல்லும் வரலாற்று நோக்கில் கையாளத்தக்கது. 17ஆம் நூற்றாண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் அது வணிக முகவர் தங்கிச் சரக்கு வைக்கும் பண்டகசாலையைக் குறிக்கும். உற்பத்தி செய்யும் இடத்தை அன்று. அதனை ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ பெயர்ப்பின் வணிக வரலாறு உற்பத்தி வரலாறாகத் திரிந்துவிடும்.

‘காற்றாலை’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய காற்றாலை தானியம் அரைத்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகள் மின்சாரம் ஆக்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. அறிவியற்பனுவலில் பின்னதைக் ‘காற்றுச்சுழலி’ என வேறுபடுத்துதல் தெளிவு தரும். எனினும் மக்கள் வழக்கில் ‘காற்றாலை’ நிலைபெற்றுவிட்டமையின் அதனைப் பிழையெனத் தள்ளுதல் வேண்டா. பொருள் நீங்கியபின்னும் பெயர் நிலைப்பது இக்கட்டுரையில் கண்ட பொதுநெறியே.

10. முடிவுரை

‘மில்’ என்னும் சொல் முந்து இந்தோ-ஐரோப்பிய அரைத்தல் வேரினின்று இலத்தீன் வழியாக, நீர்ச்சக்கரத்தோடு ஆங்கிலத்தை அடைந்தது. ‘குவெர்ன்’ என்ற இயற்சொல்லை வீட்டளவில் ஒதுக்கி நிலவுடைமையின் சொல்லாயிற்று. பின்னர் நீர்ச்சக்கரம் இயக்கிய பிற தொழில்களுக்கும் பெயராகி, முடிவில் நீரும் கல்லும் இன்றித் தொழிலகத்தைக் குறித்தது. தமிழில் ‘ஆலை’ இதற்கு இணையான விரிவையும், ‘எந்திரம்’ இதற்கு எதிரான சுருக்கத்தையும் பெற்றன.

சொல்லின் வேரை அறிதல் வேறு. சொல்லின் பொருளை அறிதல் வேறு. வேர் ஒரு தொடக்கத்தை மட்டுமே காட்டும். அச்சொல்லை யார், எக்கருவியோடு, எவ்வுரிமையோடு வழங்கினர் என்பதே பொருளை அமைக்கும். கோயம்புத்தூர்த் தொழிலாளியின் ‘மில்’ என்பதும், மிளகாய்ப் பை ஏந்திய சிறுவனின் ‘மில்’ என்பதும் ஒரு சொல்லாய் நிற்பது, ஐரோப்பிய ஆற்றோரங்களில் கல்லும் நூலும் ஒரே சக்கரத்தால் சுழன்ற காலத்தின் எச்சமாகும்.